இடிந்த புதுவையை எழுப்பிய லொரிஸ்தோன்

1765-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. புதுச்சேரி நகரம் ஆங்கிலேயரிடமிருந்து பிரஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய நாள் அது. நகரம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கோட்டை இல்லை. கவர்னர் மாளிகை இல்லை. கிடங்குகள் இல்லை. வீதிகள் இருந்த இடத்தில் இடிந்த செங்கற் குவியல்கள் கிடந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்ட துறை அது. தென்னாட்டு மன்னர்களின் தூதர்கள் பல்லக்கில் வந்து இறங்கிய ஊர் அது.

அந்த இடிபாடுகளைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டவர் பெயர் ழான் லா த லொரிஸ்தோன். அப்போது அவருக்கு வயது 45.

புதுவைச் சரித்திரம் என்றால் டூப்ளேயின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். டூப்ளே அரசர்களை ஆக்கினார், அழித்தார். லொரிஸ்தோன் அப்படி எதையும் செய்யவில்லை. வீடிழந்த ஓர் ஊரை மறுபடி குடியேற்றினார். புதுவையின் நேர்க்கோட்டு வீதிகளைக் கண்டு வியப்போர் அவரையும் நினைக்க வேண்டும்.

பெரியப்பாவின் காகிதப் பணம்

லொரிஸ்தோனின் முன்னோர் ஸ்காட்லாந்து நாட்டினர். எடின்பரோ நகருக்கு அருகே இருந்த லாரிஸ்டன் என்னும் பண்ணையே குடும்பப் பெயருக்குக் காரணம். அவருடைய பெரியப்பா ஜான் லா ஐரோப்பா முழுவதும் அறிந்த மனிதர். தங்கம், வெள்ளிக்குப் பதிலாகக் காகிதப் பணத்தை வைத்தே ஒரு தேசத்தைச் செழிக்கச் செய்யலாம் என்று பிரான்சில் புதிய திட்டம் வகுத்தார். 1720-ல் பிரான்சின் நிதி மந்திரியாகவும் ஆனார். அந்த ஆண்டு முடிவதற்குள் காகிதக் கோட்டை சரிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நஷ்டமடைந்தன. ஜான் லா நாட்டை விட்டு ஓடினார். 1729-ல் வெனிஸ் நகரில் வறுமையில் இறந்தார்.

அந்த ஜான் லா 1719-ல் ஒரு காரியம் செய்திருந்தார். நலிந்து கிடந்த பிரஞ்சு இந்தியக் கம்பெனியை மற்றக் கம்பெனிகளுடன் சேர்த்து, புதிய கம்பெனியாக ஆக்கினார். புதுச்சேரி அந்தக் கம்பெனியின் சொத்து. அதே 1719-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பாரிஸ் நகரில் அவருடைய தம்பிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே நம் கதாநாயகர். பெரியப்பா அமைத்த கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துதான் அவர் இந்தியாவுக்கு வந்தார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 1752-ல் திருச்சிராப்பள்ளிப் போரின்போது, சந்தா சாகிபுக்குத் துணையாகச் சென்று, ஸ்ரீரங்கத்தில் முற்றுகையிடப்பட்டுச் சரணடைந்த பிரஞ்சுத் தளபதியின் பெயரும் லா என்பதே. அவர் இவரல்லர், இவருடைய தம்பி.

வங்காளத்தில் பட்ட பாடு

அண்ணன் இருந்தது வங்காளத்தில். முர்ஷிதாபாத் அருகே காசிம்பஜாரில் பிரஞ்சுப் பண்டகசாலையின் தலைவராக இருந்தார். பட்டு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அது. நவாபு சிராஜ்-உத்-தௌலாவின் தர்பாருக்கு அவர் அடிக்கடி போய் வருவார்.

1757 மார்ச் மாதம் கிளைவ் படை பிரஞ்சுக்காரரின் சந்திரநாகூரைப் பிடித்தது. நவாபைக் கவிழ்க்கச் சதி நடக்கிறது என்பதை லொரிஸ்தோன் அறிந்துகொண்டார், நவாபையும் எச்சரித்தார். ஆனால் ஆங்கிலேயரின் வற்புறுத்தலுக்கு அஞ்சிய நவாபு, அவரையே பாட்னா பக்கம் அனுப்பிவிட்டார். ஆபத்து முற்றிய பிறகு திரும்பி வருமாறு ஆள் அனுப்பினார். லொரிஸ்தோன் தம் சிறு படையோடு விரைந்தார். ஜூன் 23-ந் தேதி பிளாசிப் போர் முடிந்துவிட்டது. ராஜ்மகால் அருகே சிராஜ் பிடிபட்டபோது, லொரிஸ்தோனின் படை அங்கிருந்து சில மணி நேரப் பயண தூரத்தில்தான் இருந்தது!

அதன் பிறகு சுமார் நான்கு ஆண்டுகள் அவர் வடநாட்டில் அலைந்தார். பணமில்லை, கப்பல் இல்லை, தாய்நாட்டிலிருந்து உதவியும் இல்லை. கடைசியில் மொகலாய சக்கரவர்த்தி ஷா ஆலத்தின் பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தார். 1761 ஜனவரி 15-ந் தேதி பீகாரில் நடந்த போரில் சக்கரவர்த்தியின் படை சிதறி ஓடியது. தம் ஆட்களும் விட்டு ஓடிய பின்பு, லொரிஸ்தோன் ஒரு பீரங்கியின் மேல் உட்கார்ந்தபடி எதிரிக்காகக் காத்திருந்தார். உடைவாளை மட்டும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆங்கிலத் தளபதி கார்னாக் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்து, வாளை அவரிடமே விட்டுவிட்டார்.

பீகாரில் அவர் கைதியான மறுநாள், ஜனவரி 16-ந் தேதி, ஆயிரம் மைலுக்கு அப்பால் ஆங்கிலப் படை புதுச்சேரிக்குள் நுழைந்தது.

பழிக்குப் பழி

புதுச்சேரி பல மாத முற்றுகையில் பட்டினி கிடந்து பணிந்தது. நகரம் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், அதன் புகழ்பெற்ற துபாஷியும் நாட்குறிப்பு ஆசிரியருமான ஆனந்தரங்கப் பிள்ளை கண் மூடினார். தாம் நேசித்த ஊர் தரைமட்டமாவதைக் காணும் கொடுமை அவருக்கு நேரவில்லை.

1758-ல் பிரஞ்சுத் தளபதி லாலி, கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்திருந்தார். அதற்குப் பழி வாங்கும் வேளை வந்தது. கோட்டை, கொத்தளம், மாளிகை, மாதா கோயில், கிடங்கு, வீடு என்று வரிசையாக இடித்தார்கள். வியாபாரிகளும் நெசவாளிகளும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சுற்றுப்புறமெங்கும் சிதறிப் போனார்கள். தப்பிப் பிழைத்த சில கட்டடங்களுள் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் ஒன்று. பிரஞ்சுப் பாணியும் தமிழ்ப் பாணியும் கலந்த அந்த வீடு அவர் பெயரால் அமைந்த வீதியில் இருக்கிறது.

தோல்விக்குப் பொறுப்பு என்று குற்றஞ்சாட்டப்பட்ட லாலி, 1766-ல் பாரிஸில் சிரச்சேதம் செய்யப்பட்டார். இடித்ததும் இழந்ததும் இப்படி முடிந்தன. எழுப்பும் வேலை லொரிஸ்தோன் தலையில் விழுந்தது.

ஐந்தே மாதம்

1763 பிப்ரவரியில் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது. விடுதலையாகித் தாய்நாடு சென்றிருந்த லொரிஸ்தோன் கவர்னராக நியமிக்கப்பட்டார். தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளை இந்தியாவில் கழித்தவர். இந்நாட்டு மக்களையும் வழக்கங்களையும் அறிந்தவர். ஆனால் அவரை அனுப்பிய கம்பெனியோ ஏழாண்டுப் போரில் நொடித்துப்போயிருந்தது.

நகரத்தைப் பெற்றுக்கொண்டபோது சித்திரை மாதம் தொடங்கும் வேளை. முன்னே கோடை வெயில். அதற்கப்பால் ஐப்பசி, கார்த்திகை மழை. கூரையில்லாத ஊரில் அடைமழைக் காலத்தைக் கழிக்க யார் வந்து குடியேறுவார்கள்?

வேலை தொடங்கியது. ஐந்து மாத காலத்தில் ஐரோப்பியர் வீடுகள் 200, தமிழர் வீடுகள் 2,000 மீண்டும் எழுந்தன என்பது வரலாற்றுக் குறிப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து வீடுகள்! எந்திரமும் சிமெண்டும் இல்லாத காலத்தில் இது எப்படி நடந்தது?

பழைய அஸ்திவாரம் முதல் காரணம். லொரிஸ்தோனும் அவருடைய எஞ்சினீயர் பூர்சேயும் புதிதாக ஒரு நகரத்தைக் கற்பனை செய்துகொண்டு நாளைக் கடத்தவில்லை. பழைய வீதிகள் இருந்த இடத்திலேயே வீதிகள். பழைய கடைக்கால் மீதே சுவர்கள். இந்த வீதி ஒழுங்குக்கு அப்போதே எழுபது வயது. 1693-ல் புதுச்சேரியைப் பிடித்த டச்சுக்காரர்கள், வீதிகள் ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும்படி மறு ஆண்டு வரைபடம் வரைந்தார்கள். 1699-ல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரான்சுவா மார்த்தேன் அந்த ஒழுங்கையே பின்பற்றி ஊரை வளர்த்தார். மேலே இருந்ததை எதிரியால் இடிக்க முடிந்தது. தெருக்கோட்டை அழிக்க முடியவில்லை. அவரவர் மனை எது என்பதைக் காட்டத் தரையிலே அடையாளம் இருந்தது.

உள்ளூர்ப் பொருள் அடுத்த காரணம். செங்கல்லும் சுண்ணாம்பும் களிமண்ணும் பனைமரமும் தென்னங்கீற்றும் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பவை. வசதியுள்ளவன் வீட்டுக்குச் செங்கல், சுண்ணாம்பு, ஓடு. இல்லாதவன் வீட்டுக்கு மண்சுவர், கீற்றுக் கூரை. இன்று கூரை போட்டுக்கொண்டு குடியேறி, கையில் காசு சேரும்போது ஓடு மாற்றிக்கொள்ளலாம். கப்பலில் வரவேண்டிய சாமான் எதற்கும் ஒரு குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் குடியிருப்பவர்களே. நொடித்த கம்பெனியின் கஜானா 2,000 வீடுகளைக் கட்டிக் கொடுத்திருக்க முடியாது. மனையும் வீதியும் நிச்சயமானால், கட்டிய வீட்டை நாளை எவனும் இடிக்கமாட்டான் என்ற நம்பிக்கை பிறந்தால், மக்கள் தங்கள் கூரையைத் தாங்களே எழுப்பிக்கொள்வார்கள். அந்த நிச்சயத்தையும் நம்பிக்கையையும் கொடுப்பதுதான் ஆள்பவன் வேலை. லொரிஸ்தோனின் சாதனை அதில் அடங்கியிருந்தது.

வீடா, தொழிற்சாலையா?

வீடுகளுக்கு இவ்வளவு அவசரம் ஏன்? புதுச்சேரியின் செல்வம் துணி. நீலச் சாயம் தோய்த்த துணி கப்பலேறிக் கடல் கடந்து விற்றது. அந்தத் துணியை நெய்தவனுக்கு வீடு என்பது உறங்கும் இடம் மட்டும் அல்ல. தறிக்குழி வீட்டுக்குள், நூல் சுற்றும் ராட்டினம் தாழ்வாரத்தில், பாவு நீட்டிக் கஞ்சி போட வீட்டெதிரே நீண்ட நேரான தெரு. நெசவாளிக்கு வீடு இல்லையென்றால் நெசவு இல்லை. நெசவு இல்லையென்றால் கப்பலுக்குச் சரக்கு இல்லை. சரக்கு இல்லையென்றால் சுங்கம் இல்லை. வீட்டைத் தொழிலிலிருந்து பிரிக்காத இந்த அமைப்புதான் ஊரை மறுபடி நிமிர்த்தியது.

தமிழர் வீடுகளின் அமைப்பிலேயே ஒரு சிக்கனம் இருந்தது. வீதியோரமாகத் தாழ்வாரம், வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் அதனடியில் ஒதுங்கலாம். அடுத்து திண்ணை. உள்ளே நடுவில் முற்றம். வெளிச்சமும் காற்றும் அதன் வழியே வரும், மழைநீரும் அங்கேதான் விழும். ஒரு வீட்டின் பக்கச் சுவரை ஒட்டியே அடுத்த வீடு நிற்கும். இடம் மிச்சம், வெயில் படும் சுவரும் குறைவு. அரைத்த சுண்ணாம்புப் பூச்சு வெக்கையைத் தணிக்கும். விசிறி இல்லாத காலத்தில் வீட்டைக் குளிர வைத்த வித்தை இது.

கோட்டை எழவில்லை

ஊர் நடுவே இருந்த பழைய கோட்டை மறுபடி கட்டப்படவேயில்லை. கவர்னருக்கு வேறிடத்தில் மாளிகை எழுந்தது. பின்னாளில் ராஜ் நிவாஸ் என்று பெயர் பெற்றது அதுவே. கோட்டை இருந்த இடம் நெடுங்காலம் இடிபாடாகக் கிடந்து, பிற்காலத்தில் பூங்காவாயிற்று. ஆயி மண்டபம் நிற்கும் பாரதி பூங்காதான் அந்த இடம்.

அந்த இடிபாட்டோடு சேர்ந்த ஒரு சோகக் கதையும் உண்டு. சூரியனைக் கடந்து செல்லும் வெள்ளிக் கிரகத்தைப் பார்த்துக் கணக்கெடுக்க லெ ழாந்தீல் என்னும் பிரஞ்சு வான சாஸ்திரி புறப்பட்டு வந்தார். 1761-ல் புதுச்சேரி போரில் சிக்கியிருந்ததால் அவரால் கரை இறங்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டுகளுக்குப் பின்பு. விடாமல் காத்திருந்து 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்தார். லொரிஸ்தோன் அவரை அன்போடு வரவேற்று, கோட்டை இடிபாட்டின் மேலேயே ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார். சாஸ்திரி தமிழ் ஜோதிடர்களிடம் கிரகணக் கணித முறையைக் கற்றுக்கொண்டு நாளை எண்ணினார். 1769 ஜூன் 4-ந் தேதி விடியற்காலை வானத்தை மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்துபோன பிறகுதான் விலகியது!

அந்த 1769-ம் ஆண்டு லொரிஸ்தோனுக்கும் சோதனை ஆண்டுதான். பெரியப்பா அமைத்த இந்தியக் கம்பெனியின் வியாபார உரிமையைப் பிரஞ்சு அரசாங்கம் நிறுத்திவிட்டது. கம்பெனி மறைந்தது, பிரஞ்சு மன்னரின் நேர் ஆட்சி வந்தது. ஊரைச் சுற்றி அரண் கட்டும் வேலையும் பணமின்றி இழுத்துக்கொண்டே போயிற்று.

குறையும் உண்டு

லொரிஸ்தோன் எழுப்பிய ஊரைச் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. கடலோரம் வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. தமிழர் பகுதிக்குள்ளும் ஜாதிக்கு ஒரு வீதி. செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு, கோமுட்டித் தெரு என்னும் பெயர்களே அதற்குச் சாட்சி. தாழ்த்தப்பட்ட மக்களின் சேரிகள் வீதி ஒழுங்குக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தன. செங்கல் சுமந்தவனுக்கு அந்தச் செங்கல்லால் ஆன வீதியில் இடம் இல்லை. பழைய அஸ்திவாரத்தின் மீதே ஊரைக் கட்டியபோது, பழைய ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே கட்டப்பட்டது. அதைத் திருத்த லொரிஸ்தோனும் நினைக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் நெடுங்காலம் நினைக்கவில்லை.

ஊர் நிலைத்தது

1777-ல் பெல்கோம் புதிய கவர்னராக வந்தார். லொரிஸ்தோன் பதவியை ஒப்படைத்துவிட்டுப் பிரான்சு திரும்பினார். மொகலாய சாம்ராஜ்யத்தின் நிலை பற்றியும், 1777-ல் இந்தியாவின் அரசியல் நிலை பற்றியும் அவர் எழுதிவைத்த நூல்கள் 1913-ல் அச்சேறின. சரித்திர ஆசிரியர்கள் அவற்றைப் பெரிதும் மதிக்கிறார்கள்.

1778-ல் ஆங்கிலேயர் மறுபடி புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். இம்முறை அரண்களை இடித்தார்கள், ஊர் தப்பியது. அதன் பின்னும் கொடிகள் மாறி மாறி ஏறின. 1816-ல் ஊர் நிலையாகப் பிரான்சுக்கு வந்தது. கொடி எதுவானாலும் மக்கள் அதே வீதிகளில், அதே வீடுகளில் குடியிருந்தார்கள்.

லொரிஸ்தோன் 1797-ல் பாரிஸ் நகரில் காலமானார். 1768-ல் புதுச்சேரியில் பிறந்த அவருடைய மகன் ழாக் லொரிஸ்தோன், நெப்போலியனின் மெய்க்காவல் அதிகாரிகளுள் ஒருவராகிப் பிற்காலத்தில் பிரான்சின் மார்ஷல் பதவியையும் அடைந்தார். ஐரோப்பியப் போர்க்களங்களில் புகழ் பெற்ற மகன் பிறந்தது, தந்தை இடிபாட்டிலிருந்து எழுப்பிய ஊரில்.

நகரசபைக்கு ஒரு பாடம்

1880 மார்ச் மாதம் வெளியான பிரஞ்சு அரசாணை புதுச்சேரிக்கு நகரசபையை அளித்தது. அதுவரை கவர்னரின் பொறுப்பாக இருந்த தெரு, சாக்கடை, மனைக்கோடு முதலிய காரியங்களில் ஊராரின் பிரதிநிதிகளுக்கும் பங்கு வந்தது.

கடற்கரையில் இருந்த அந்த நகரசபையின் மேரி கட்டடம் 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. பழைய இடத்திலேயே பழைய உருவத்திலேயே அதை எழுப்பித் திறக்க 2021 பிப்ரவரி ஆயிற்று. ஒரு கட்டடத்துக்கு ஆறு ஆண்டுகள். அன்று 2,200 வீடுகளுக்கு ஐந்து மாதங்கள்! இரண்டும் ஒரே வகை வேலையல்ல. பொதுக் கட்டடம் ஒன்றை அரசாங்கமே கட்டவேண்டும். வீடுகளையோ மக்களே கட்டிக்கொள்வார்கள். வழி மட்டும் இருந்தால் போதும்.

அந்த வழியைத் திறப்பதற்கு ஓர் உதாரணம் புதுவையிலேயே உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய யூனியனின் உதவியோடும், பிரான்சு, இத்தாலி நாட்டு நகரசபைகளின் கூட்டோடும், புதுச்சேரி நகராட்சி வைசியாள் வீதியின் பழைய தமிழ் வீடுகளைச் செப்பனிடும் வேலையை மேற்கொண்டது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது ஒன்றே வழி என்றிருந்த காலத்தில், திண்ணையும் தாழ்வாரமும் மறுபடி தலை நிமிர்ந்தன.

மக்களுக்கு மலிவான, நீடித்து நிற்கும் வீடு வேண்டும் என்று எங்கும் பேசப்படுகிறது. ஆயிரம் அடுக்குகளைத் தொலைவில் எழுப்பி, தொழிலை இங்கும் குடித்தனத்தை அங்குமாகப் பிரிப்பதால் அந்தக் குறை தீராது. மனையை உறுதி செய்து, வீதியையும் வடிகாலையும் ஒழுங்காக வைத்து, உள்ளூர்ப் பொருளுக்கும் உள்ளூர்க் கொத்தனுக்கும் இடம் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். 1765-ல் செய்யத் தவறியதையும் இன்றைய நகரசபை செய்தாக வேண்டும்: ஊரைக் கட்டுகிற கூலிக்காரனுக்கும் ஊருக்குள்ளேயே ஒரு மனை.